தரைக்குள் முளைத்த சிலிண்டர்

அத்தியாயம் ஒன்பது

படம் மொத்தம் நாற்பத்தோரு விநாடி. சித்தி அதைப் பதினாலாவது முறையாக ஓடவிட்டபோது எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"சித்தி, இன்னொரு தடவை பார்த்தா அந்த ஃபோர்க்லிஃப்ட்டை நானே ஓட்டிடுவேன்."

"நீ ஓட்டுற காரே ஊருக்குப் போதும். வாயை மூடிக்கிட்டுப் பாரு."

சும்மா மரியாதைக்குச் சித்தி இல்லை, என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் பொய்யை டேப் வைத்து அளந்தவள். கடைசியில் மேலதிகாரியின் பொய்யையும் அளந்து வைத்ததில் வேலை போயிற்று. வெளியே வந்து துப்பறியும் அலுவலகம் திறந்தாள். டேப் இன்னும் கைப்பையில் இருக்கிறது. நான் அவளுக்கு உதவியாளன். நாற்பத்தொரு வயது, வழுக்கை, இரண்டு தொழிலில் மண்ணைக் கவ்வியவன். அவளுக்கு என்னை விட்டால் வேறு ஆள் கிடைக்காது, எனக்கு அவளை விட்டால் வேறு வேலை கிடைக்காது.

எதிரே நாற்காலியின் நுனியில் எங்கள் கட்சிக்காரி உட்கார்ந்திருந்தாள். சரக்குக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். ஒன்பது நாளைக்கு முன்னால் சரக்கு அடுக்கு வரிசையின் முனையில் வண்டியைத் திருப்பும்போது ஒரு சுமைதூக்கும் ஆளின் காலில் ஏற்றிவிட்டாள். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அந்த ஆள் அவளுடைய சொந்தத் தம்பி.

அவள் சொன்னது இதுதான். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் வருகிறவரைக் காட்ட முனையில் மாட்டியிருந்த உப்பின கண்ணாடி சின்னது. ஓட்டுகிற இருக்கையிலிருந்து பார்த்தால் இரும்புத் தூண் அதை மறைத்துவிடும். பெரிதாக மாட்டுங்கள் என்று பாதுகாப்பு அதிகாரியிடம் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். அன்றைக்கு ஹாரன் அடித்துக்கொண்டேதான் திரும்பினாள்.

பாதுகாப்பு அதிகாரி சொன்னது வேறு. கண்ணாடி எப்போதும் பெரிதுதான், தொண்ணூறு சென்டிமீட்டர், வந்து பார்த்துக்கொள்ளுங்கள். போய்ப் பார்த்தோம். பெரிதாக, பளபளவென்று, விலைச்சீட்டின் பசைகூடக் காயாமல் தொங்கியது. கிடங்குக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம், அதனால் பழைய கண்ணாடிக்கு ஒரு போட்டோகூட இல்லை. மற்ற ஆட்கள் வேலைக்குப் பயந்து வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இந்தப் படம். விபத்து எப்படி நடந்தது என்று கிடங்குக்காரர்கள் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவை வைத்துக் கம்ப்யூட்டரில் செய்து, விசாரணைக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஓட்டுகிறவளின் கண்ணிலிருந்து பார்த்தால் அத்தனை பெரிய கண்ணாடி, அதன் நடுவில் சிவப்புச் சட்டை போட்ட தம்பி. மூன்று விநாடி நன்றாகத் தெரிகிறான். வண்டி நிற்காமல் திரும்புகிறது. இதற்குச் சோகமாகப் பின்னணி இசை வேறு. ஒருத்தன் கால் முறிகிற இடத்தில் வயலின் வாசிக்கச் சொன்னவன் எவனோ, அவன் மட்டும் கையில் கிடைத்தால் தெரியும்.

"தம்பி படத்தைப் பார்த்தானாம்மா?" சித்தி கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்க் காட்டியிருக்காங்க மேடம்." அவள் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள். "நான் போனப்ப ஒண்ணுதான் கேட்டான். 'என்னைப் பார்த்துட்டுத்தான் வந்தியா அக்கா'ன்னு. அதுக்கப்புறம் என்கூடப் பேசல. அம்மா சாப்பாடு கொண்டுபோறாங்க, என்னைக் கூப்பிடறதில்ல. லைசென்ஸ் போனாப் போகட்டும் மேடம். அவன் இப்படி நினைச்சுக்கிட்டே இருந்தா நான் எப்படி அந்த வீட்டுல இருப்பேன்?"

எனக்கு ஏதாவது கிண்டலாகச் சொல்லிச் சூழ்நிலையை லேசாக்கலாம் என்று தோன்றியது. கடிகாரத்தைப் பார்த்தேன். விசாரணை இன்று சாயங்காலம் நாலு மணிக்கு. மணி இப்போது பத்து. இரண்டு நாளாக அலைந்து எங்கள் கையில் இருந்தது வெறும் காற்று.

சித்தி பதினைந்தாவது முறை படத்தை ஓட்டிச் சட்டென்று நிறுத்தினாள்.

"டேய், அந்தச் சிவப்பு சிலிண்டரைப் பாரு."

கண்ணாடிக்குக் கீழே சுவரோரம் தரையில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று நின்றது. எல்லாக் கட்டடத்திலும் நிற்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத அதே சிலிண்டர்.

"பார்த்துட்டேன். தீ பிடிக்கல."

"அடிப்பாகத்தைப் பாரு. கறுப்பு வளையம் எங்கே?"

பார்த்தேன். வளையம் இல்லை. சிலிண்டரில் ஒட்டியிருந்த லேபிளின் கீழ்ப்பாதியும் இல்லை. தரை அதை நேராக வெட்டியிருந்தது. மீதி சிலிண்டர் சிமெண்ட்டுக்குள் புதைந்து கிடந்தது.

"நட்டு வெச்சுத் தண்ணி ஊத்தியிருக்காங்க சித்தி. நல்லா வேர் பிடிச்சிருக்கு."

சித்தி சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்தாள். நேற்றுக் கிடங்கில் கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து எழுதியிருந்தாள். அது அவளுக்கு வியாதி. சிலிண்டர், உயரம் அறுபது சென்டிமீட்டர். பிறகு டேப்பைக் கம்ப்யூட்டர் திரையிலேயே வைத்து, படத்தில் சிலிண்டருக்குப் பக்கத்துச் சுவரிலிருந்த ஒரு மீட்டர் உயரக் கோட்டோடு ஒப்பிட்டாள். தரைக்கு மேலே தெரிவதே எழுபத்தைந்து. பாதி லேபிளை வைத்துக் கணக்குப் போட்டு, உள்ளே புதைந்ததையும் சேர்த்தால் தொண்ணூறு.

"அறுபது தொண்ணூறா வளர்ந்திருக்கு," என்றாள். "ஒன்றரை மடங்கு. யார் இந்தச் சிலிண்டருக்குச் சாப்பாடு போட்டது?"

*

ஸ்டுடியோ ஒரு வணிகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. வரவேற்பறையில் ஒரு அலமாரி நிறையக் கண்ணாடி விருதுகள். கிட்டே போய்ப் படித்தேன். பாதிக்கு மேல் அவர்களே நடத்திய விழாவில் அவர்களே அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டவை. முதலாளி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் அவருக்கு அப்போதே விருதுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"பாருங்க மேடம், மனுஷன் பொய் சொல்லுவான், கம்ப்யூட்டர் சொல்லாது," என்றார். "எல்லாம் அறிவியல். சாயங்காலம் லேப்டாப்போட வரேன். எந்தப் பக்கத்துலேர்ந்து பார்க்கணும்னு சொல்றாங்களோ, அந்தப் பக்கத்துலேர்ந்து காட்டுவேன்."

"அந்த ஃபைலை இப்பவே ஒரு தடவை பார்க்கலாமா சார்?"

"அது வாடிக்கையாளர் ரகசியம்."

"சார், சாயங்காலம் ஊருக்கே காட்டப்போற ரகசியமா?" என்று கேட்டேன். அவர் என்னை நாற்காலிக்குச் சமமாகப் பார்த்துவிட்டுச் சித்தியிடம் திரும்பினார்.

சித்தி முகத்தில் பக்தி வழிந்தது. எனக்குத் தெரியும், அவள் இப்படிக் குழைந்தால் எதிராளிக்கு நேரம் சரியில்லை. "இவ்வளவு அழகா வந்திருக்கே சார், உங்க ஆளுங்க யார் செஞ்சது?"

"ஆளுங்களா?" விருதுக்காரர் மூக்கால் சிரித்தார். "ஒருத்தன் இருந்தான். அளவெடுக்கப் போனான், ஏதோ ஆரம்பிச்சு வெச்சான். வெள்ளிக்கிழமை ஃபைலைக் கொடுத்தான், திங்கக்கிழமை ஆளை வேலையை விட்டு அனுப்பிட்டேன். மௌஸ் பிடிக்கத் தெரிஞ்சவனெல்லாம் கலைஞன்னு நினைச்சுக்கிறான் மேடம். அவன் போனப்புறம் மொத்தமும் நானே உட்கார்ந்து என் கையால முடிச்சேன். வேற யாரையும் தொடவிடல."

"உங்க கையாலேயே முடிச்சீங்களா?"

"இந்தக் கையால." கையையும் காட்டினார்.

நான் சிலிண்டரைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தேன். மேஜைக்குக் கீழே சித்தி என் காலை மிதித்தாள். குதிகால் செருப்பு. வாய் தானாக மூடிக்கொண்டது.

படி இறங்கும்போது நொண்டிக்கொண்டே கேட்டேன். "கால் முறிஞ்ச கேஸ் ஒண்ணு போதாதா உங்களுக்கு? ஏன் சிலிண்டரைப் பத்திக் கேட்கவிடல?"

"கேட்டா என்ன சொல்லுவான்? 'அந்தப் பையன் பண்ணின அலட்சியம், சிலிண்டர் மட்டும் தப்பு, கண்ணாடி சரி'ம்பான். உடனே உள்ளே போய்ச் சரிபண்ணவும் பார்ப்பான். அவனுக்கு எதுக்குடா அவகாசம் கொடுக்கணும்?" காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "அளவெடுத்தவன் வீட்டுக்கு விடு."

*

அளவெடுத்த அனிமேட்டர் வீட்டில் இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தான். முப்பது வயதிருக்கும். மனைவி வேலைக்குப் போயிருந்தாள், வேலை போன இவன் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறையில் பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டே பேசினான்.

"கண்ணாடி அறுபது சென்டிமீட்டர் மேடம். நானே ஏணி போட்டு ஏறி அளந்தேன். தூசு கண்ணுல விழுந்தது, அதனால நல்லா ஞாபகம் இருக்கு. அளவு எழுதின நோட்டை ஆபீஸ்ல கொடுத்துட்டேன். முடிஞ்ச படத்தை நான் பார்க்கவே இல்ல."

"வேலையை விட்டு அனுப்பின ஆள் சொன்னா, வன்மத்துல சொல்றான்னுடுவாங்க," என்றேன்.

"தெரியும் சார்." துணியைப் பிழிந்து போட்டான். "அதனாலதான் நானும் யார்கிட்டயும் போகல."

சித்தி போனில் அந்தப் படத்தைக் காட்டினாள். சிலிண்டரில் நிறுத்தினாள். அவன் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். பிறகு அவன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். சமையலில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டவனைப் பார்க்கிற சமையல்காரன் முகம்.

"அடப்பாவி, கட்டைப் பார்க்காம இழுத்திருக்கான்."

"என்ன கட்டு?"

"கன்ஸ்ட்ரெய்ன்ட்டுனு சொல்லுவோம் மேடம். ஒரு பொருளோட அளவை இன்னொரு பொருளோட அளவுக்குக் கட்டிப்போடறது." அவன் கைகளை விரித்து விளக்கினான். "அந்தக் கண்ணாடி, சிலிண்டர் எல்லாம் ரெடிமேடா ஒரே செட்டா கிடைக்கும். ஒண்ணுக்கொண்ணு பொருத்தமா இருக்கும். ஆனா உள்ளே கொண்டுவந்தா மொத்த செட்டும் ராட்சச சைஸ்ல நிக்கும். சிலிண்டரே இருபது மாடி உயரம் இருக்கும். ஒவ்வொண்ணாக் குறைச்சா எங்கயாவது தப்பிடும். அதனால நான் ஒண்ணை மட்டும் டேப் அளவுக்குக் கொண்டுவருவேன், மத்ததை அதோட கட்டிடுவேன். இங்கே கண்ணாடிதான் அளவு. சிலிண்டரை அதோட கட்டினேன். கண்ணாடி அறுபதுக்கு வந்ததும் சிலிண்டரும் தானா அறுபதுக்கு வந்து தரையில ஜம்முனு உட்கார்ந்தது."

"எனக்குப் புரியல," என்றேன். உண்மையில் பாதி புரிந்திருந்தது.

"எங்க வீட்டுல சட்டை தைக்க அண்ணனை மட்டும்தான் சார் டெய்லர்கிட்ட கூட்டிட்டுப் போவாங்க. அவனுக்கு என்ன அளவோ, அதே அளவுல எனக்கும் ஒண்ணு. அவன் வளர்ந்தா என் சட்டையும் வளரும். நான் வளர்ந்தேனா, இளைச்சேனான்னு யாரும் கேட்டதே இல்ல. கண்ணாடி எங்க அண்ணன். சிலிண்டர் நான்."

சித்தி மெதுவாகத் தலையாட்டினாள். "அப்போ கண்ணாடியை ஒன்றரை மடங்கு இழுத்தா?"

"சிலிண்டரும் ஒன்றரை மடங்கு. நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் வளரும். மேல போறது தெரியாது, கீழ போறது தரைக்குள்ள போயிடும்."

அறுபதை ஒன்றரையால் பெருக்கினால் தொண்ணூறு. கிடங்கில் பசை காயாமல் தொங்கிய புதுக் கண்ணாடியும் தொண்ணூறு. எனக்கே புரிந்துவிட்டது, கணக்கில் நான் எப்போதும் கடைசி பெஞ்சு.

"நீ பெருசாக்கியிருந்தா எப்படிப் பண்ணியிருப்பே?" சித்தி கேட்டாள்.

"கட்டை அவிழ்த்துட்டு இழுப்பேன். ரெண்டு செகண்ட் வேலை. இவன் கட்டு இருக்குனே தெரியாம இழுத்திருக்கான்."

சித்தி எழுந்தாள். வாசலில் நின்று அவனிடம் இன்னொரு கேள்வியும் கேட்டாள். அது என்னவென்று என் காதில் விழவில்லை. அந்த நேரத்தில் அவன் மகள் என் மூக்குக்கண்ணாடியைப் பறித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வாங்கியபோது சித்தி சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த வாரத்தில் அதுதான் முதல் தடவை.

"நாலு மணிக்கு நீயும் வரணும்பா," என்றாள் அவனிடம். "குழந்தையையும் தூக்கிட்டு வா. வராந்தாவில இரு, கூப்பிடறேன்."

*

விசாரணை அறை முதல் மாடியில். ஒரு நீள மேஜை, ஒரு பெரிய திரை, மூலையில் உலகத்தில் எல்லா மூலையிலும் நிற்கிற அதே சிவப்பு சிலிண்டர். விசாரணை அதிகாரி மெலிந்த மனிதர், பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடி எல்லார் நரம்பையும் சோதித்தார். பாதுகாப்பு அதிகாரி இஸ்திரி கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒருத்தன் கால் போன இடத்துக்குப் பொறுப்பாளி, சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

தம்பியைக் கட்டுப்போட்ட காலோடு கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். ஊன்றுகோலை மடியில் வைத்திருந்தான். அக்காக்காரி உள்ளே வந்து அவன் பக்கத்து நாற்காலியில் கை வைத்தாள். அவன் ஊன்றுகோலை எடுத்து அந்த நாற்காலிமேல் வைத்தான். அவள் பின்வரிசைக்குப் போனாள்.

படம் ஓடியது. வயலினும் வாசித்தது. கண்ணாடி நடுவில் சிவப்புச் சட்டை வந்ததும் தம்பி கண்ணை மூடிக்கொண்டான்.

"தெளிவாத்தானே இருக்கு," என்றார் விசாரணை அதிகாரி. "இவ்வளவு பெரிய கண்ணாடியில ஆள் தெரியறப்ப வண்டி நிக்கல. உங்க தரப்புல என்ன சொல்றீங்க?"

சித்தி எழுந்தாள். "படம் அருமை சார். ஒரு சின்னக் குறை. அந்தச் சிலிண்டர் தரைக்குள்ள புதைஞ்சிருக்கு. விசாரணைக்கு வெக்கிற சாட்சி சுத்தமா இருக்கணும் இல்லையா? அதை மட்டும் சரியான அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. அறுபது சென்டிமீட்டர். வேற எதையும் தொடவேண்டாம்."

விருதுக்காரர் திரையைப் பார்த்தார், சிரித்தார். நான் எதிர்பார்த்த அதே வார்த்தை வந்தது. "அது முன்னாடி இருந்த பையனோட அலட்சியம் சார். கண்ணாடிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு நிமிஷத்துல சரிபண்ணிடறேன்."

லேப்டாப்பில் ஃபைலைத் திறந்தார். பெரிய திரையில் கிடங்கு சாம்பல் நிறத்தில் விரிந்தது. சிலிண்டரைத் தொட்டார், மௌஸை இழுத்தார்.

சிலிண்டர் அசையவில்லை.

மறுபடி இழுத்தார். அசையவில்லை. பெட்டியில் எண்ணை அடித்துப் பார்த்தார். எண் மாறியது, சிலிண்டர் அப்படியே நின்றது. அதே டெய்லர் கதைதான், தம்பிக்குச் சட்டை வேண்டும் என்று தம்பியை எவ்வளவு இழுத்து என்ன பயன், அளவு அண்ணனிடம் இருக்கும்போது? வாசலில் சித்தி கேட்ட கேள்வி என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கட்டு இருக்கிறதென்று தெரியாதவன் சிலிண்டரைச் சின்னதாக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறாள்.

மூன்று நிமிஷம் ஆயிற்று. விருதுக்காரரின் கழுத்தில் வேர்வை இறங்கியது. விசாரணை அதிகாரி பேனாவை மூடினார்.

"ஒரு சிலிண்டரைச் சின்னதாக்க இவ்வளவு நேரமா?"

"சார், சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ."

"விருது வாங்கின சிஸ்டம், களைப்பா இருக்கும்," என்றேன். யாரோ பின்னால் களுக்கென்றார்கள்.

"சாருக்கு உதவி வேணும்போல," என்றாள் சித்தி. "அளவெடுத்த பையன் வெளியிலதான் இருக்கார். கூப்பிடலாமா?"

பாதுகாப்பு அதிகாரி பாதி எழுந்தார். "அவனை எதுக்கு? வேலையை விட்டு நீக்கின ஆள்." அவர் எழுந்ததை விசாரணை அதிகாரியும் கவனித்தார். கூப்பிடச் சொன்னார்.

அனிமேட்டர் மகளை என் மடியில் திணித்துவிட்டுப் போனான். திரையில் சிலிண்டரைத் தொட்டு, ஓரத்தில் ஒரு பட்டியலைத் திறந்தான். ஒரே ஒரு வரி இருந்தது. அளவு கட்டப்பட்டிருக்கிறது. எதோடு என்ற இடத்தில் கண்ணாடி என்று எழுதியிருந்தது. சட்டைக் கதையை அப்படியே ஒப்பித்தான். விசாரணை அதிகாரிக்கும் அண்ணன் ஒருத்தர் இருந்திருக்கவேண்டும், சட்டென்று புரிந்துகொண்டார்.

"அதாவது, கண்ணாடியைக் குறைச்சாத்தான் சிலிண்டர் குறையும்."

"ஆமா சார். நான் தொட்டா நான் பண்ணினேன்பாங்க. நீங்களே இழுங்க."

திரையில் ஓட்டுகிறவளின் இருக்கையிலிருந்து தெரிகிற காட்சியை வைத்தார்கள். விசாரணை அதிகாரி எழுந்துபோய் மௌஸைப் பிடித்தார், பழக்கமில்லாத கை. கண்ணாடியை மெல்ல மெல்லக் குறைத்தார். சிலிண்டர் தரைக்குள்ளிருந்து மேலே வந்தது. முதலில் லேபிளின் கீழ்ப்பாதி, பிறகு கறுப்பு வளையம். வளையம் தரையில் சரியாக உட்கார்ந்த இடத்தில் கையை எடுத்தார்.

"அறுபது," என்றான் அனிமேட்டர், எண்ணைக் காட்டி. "ரெண்டும் அறுபது."

யாரும் சிலிண்டரைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். அது இரும்புத் தூணுக்குப் பின்னால் போயிருந்தது. வெட்டிப்போட்ட நகம் அளவுக்கு ஒரு ஓரம்தான் வெளியே தெரிந்தது. அந்த ஓரத்தில் கூரையின் குழல்விளக்கு ஒன்று தெரிந்தது. சிவப்புச் சட்டை இல்லை.

பாதுகாப்பு அதிகாரிக்கு முதலில் குரல் வந்தது. "இவன்தான் சார் பண்ணியிருப்பான். போறப்ப வேணும்னே மாத்திவெச்சுட்டுப் போயிருக்கான்."

"இவர் போட்ட கட்டு இவருக்குத் தெரியாதா சார்?" சித்தி திரும்பினாள். இப்போது குழைவு இல்லை. "இவர் மாத்தியிருந்தா கட்டை அவிழ்த்துட்டு மாத்தியிருப்பார், சிலிண்டர் சமத்தா நின்னிருக்கும், நாங்களும் ஏமாந்திருப்போம். கட்டு இருக்குனே தெரியாத ஆள்தான் கண்ணாடியை மட்டும் பிடிச்சு இழுத்து, சிலிண்டரைப் புதைச்சுட்டுப் போயிருக்கார். அது யாருன்னு நான் சொல்லவேண்டியதில்ல. இப்போ மூணு நிமிஷம் அந்தச் சிலிண்டரோட மல்லுக்கட்டினதை எல்லாரும் பார்த்தோம். மொத்தமும் இந்தக் கையால முடிச்சேன்னு காலையில கையையும் காட்டினார். சாட்சி இருக்கு."

சாட்சி நான். மடியில் குழந்தையோடு கையைத் தூக்கினேன். குழந்தையும் தூக்கியது.

விருதுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில் பாதுகாப்பு அதிகாரி பக்கம் விரல் நீட்டினார், அதே கைதான். "அவர்தான் சார் சொன்னார். புதுக் கண்ணாடி மாட்டியாச்சு, படத்துலயும் அதே அளவு வந்துடணும்னார். ஒரு கண்ணாடிதானேன்னு இழுத்துட்டேன்."

ஒரு கண்ணாடிதானே. ஒருத்தியின் வீடே அதில் தெரிகிறது, இவருக்கு அது ஒரு கண்ணாடிதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அலமாரி விருதுகளை ஒவ்வொன்றாக அவர் காலரில் போடலாம் போலிருந்தது. பாதுகாப்பு அதிகாரி சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டு, வக்கீலைக் கேட்டுத்தான் பேசுவேன் என்றார். விசாரணை அதிகாரி பேனாவைத் திறந்தார், இந்தமுறை எழுதினார். பழைய கண்ணாடியை மாற்றச் சொல்லி அவள் மூன்று தடவை கேட்டதையும், அது இப்போது எங்கே போயிற்று என்பதையும் முதல் கேள்வியாக எழுதச் சொன்னாள் சித்தி. அவர் எழுதினார். ஓட்டுநர்மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்று அடுத்த வரியையும் சத்தமாகப் படித்தார்.

கூட்டம் கலைந்தது. சித்தி தேவையே இல்லாமல் மூலைச் சிலிண்டரை டேப் வைத்து அளந்தாள். அறுபது. நோட்டில் குறித்துக்கொண்டாள். நான் சொன்னேனே, வியாதி.

தம்பி மட்டும் எழுந்திருக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தூண், நகம் அளவு கண்ணாடி, அதில் குழல்விளக்கு. லேப்டாப்பை மூட வந்த ஆளிடம், கொஞ்சம் இருங்க என்றான்.

"நான் தெரியவே இல்லையே அக்கா," என்றான், திரும்பாமல்.

அவள் பின்வரிசையிலிருந்து வந்து நின்றாள். "மூணு தடவை கேட்டேன்டா அவங்ககிட்ட. மூணு தடவை." முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஒன்பது நாளாக அழாத அழுகை என்று பார்த்தாலே தெரிந்தது. அவள் அழுது முடித்ததும் அவன் நாற்காலிமேல் இருந்த ஊன்றுகோலை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இதைப் பிடி. படியில இறங்கணும்."

அவள் வாங்கிக்கொண்டாள். அவன் ஒரு கையால் நாற்காலியின் கைப்பிடியையும் மறுகையால் அவள் தோளையும் பிடித்துக்கொண்டு எழுந்தான். வராந்தாவில் குழந்தையை அதன் அப்பனிடம் கொடுத்துவிட்டு நானும் சித்தியும் அவர்களுக்குப் பின்னால் நின்றோம், அவசரப்படுத்தாமல். பதினொரு படி. ஒவ்வொரு படியிலும் அவள் நின்று, திரும்பி, அவன் கால் வந்து சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைத்தாள்.